நகைக்கு நல்ல வண்ணக்கல் தேர்ந்தெடுப்பது எப்படி: ரங்கூனிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

கல்யாணப் பேச்சு தொடங்கினால் எங்கள் பக்கத்தில் கல் வாங்கப் போகிறவர்கள் என்னையும் கூட அழைத்துப் போவார்கள். ஸ்காட் மார்க்கெட்டிலும் மொகல் தெருவிலும் இப்படிப் பலரோடு அலைந்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: மோதிரத்தில் பதித்து வைத்த கல்லைப் பார்த்து, பிடித்துப்போய், அப்படியே வாங்கிவிடுகிறார்கள்.

பதித்துவிட்டால் கல்லின் அடியும் ஓரமும் தங்கத்துக்குள் போய்விடும். விரிசல், நிறத் திட்டு, அடியில் ஒட்டிய தாள், சரியான எடை எதையும் அப்புறம் பார்க்க முடியாது. ஆகவே வரிசை இதுதான்: முதலில் என்ன நகை என்று முடிவு, பிறகு தனிக்கல், கடைசியில் தங்கம். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் வருகின்றன. உதாரணங்கள் பெரும்பாலும் மாணிக்கத்தைப் பற்றியவை, ஏனென்றால் இங்கே எல்லோரும் கேட்டு வருவது அதைத்தான். முறை மற்றக் கற்களுக்கும் பொருந்தும்.

1. எந்த நகை, யார் போடப்போகிறார்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மோதிரம் தினமும் அடிபடும். பாத்திரம், கதவுப்பிடி, பைக் கைப்பிடி என்று எல்லாவற்றிலும் மோதும். தோடும் பதக்கமும் அவ்வளவு அடி வாங்காது. அதனால் கல்லின் கடினம் மோதிரத்துக்குத்தான் முக்கியம்.

கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் வைரம் 10. மாணிக்கமும் நீலக்கல்லும் 9. மாணிக்கம்போலவே தோன்றும் வேறு கனிமமான ஸ்பைனல் 8. மரகதம் 7.5 முதல் 8. மேல் பர்மாவில் கல் விளையும் ஊரான மோகோக் பக்கம் கிடைக்கும் பச்சைப் பெரிடாட் 6.5 முதல் 7. நிலாக்கல் 6 முதல் 6.5. முத்தும் பவளமும் அதற்கெல்லாம் வெகு கீழே.

இதில் 7 என்ற எண்ணை மனதில் வையுங்கள். தெருப் புழுதியில் இருக்கும் பொடிமணல் குவார்ட்ஸ், அதன் கடினம் 7. அதற்குக் கீழே உள்ள கல்லைப் புழுதியோடு துடைத்தாலே கீறல் விழும். தினமும் போடும் மோதிரத்துக்கு மாணிக்கம், நீலம், ஸ்பைனல் மூன்றும் நிம்மதியான தேர்வு. நிலாக்கல்லைத் தோட்டில் வையுங்கள், பல வருடம் அழகாக இருக்கும்.

மரகதத்துக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. கடினம் போதும் என்றாலும் உள்ளே இயற்கையாகவே விரிசல்கள் அதிகம், அவற்றில் எண்ணெய் ஏற்றுவதும் வழக்கம். சமையல், துணி துவைப்பு என்று கை ஓயாத ஒருவருக்கு மரகத மோதிரம் வேண்டாம் என்பதே என் கருத்து.

ராசிக்கல்லாகப் போடுகிறவர்கள் கல்லின் அடி விரலில் படவேண்டும் என்பார்கள். அப்படியானால் அடி திறந்த பதிப்பு என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அதற்கேற்ற ஆழமுள்ள கல்லைத் தேட வேண்டியிருக்கும்.

2. கையில் கொண்டு போக வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப், நுனி மழுங்கிய சாமணம், ஒரு வெள்ளைத் தாள், சிறிய டார்ச், பஞ்சுத் துணி. முடிந்தால் மில்லிமீட்டர் அளக்கும் காலிப்பரும் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சும். இவ்வளவுதான்.

துணியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். போன வருடம் ஒரு தம்பி கல்லை விரலால் எடுத்து, லுங்கி முனையால் துடைத்து, லூப்பில் பார்த்துவிட்டு, "உள்ள ஒரே மேகமா இருக்கு அண்ணே" என்று திருப்பிக் கொடுத்தான். மேகம் கல்லுக்குள் இல்லை. விரல் எண்ணெயும், இங்கே முகத்தில் பூசும் தனகாப் பொடியும் மேலே படிந்திருந்தன. சுத்தமான பஞ்சுத் துணியால் துடைத்து, சாமணத்தில் பிடித்துப் பார்த்தபோது கல் தெளிவாக இருந்தது. விரலால் தொட்ட கல்லைத் துடைக்காமல் முடிவு சொல்லக் கூடாது.

அளவைக் கணக்கையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு காரட் என்பது 0.2 கிராம். இங்கே பழைய வியாபாரிகள் யதியில் பேசுவார்கள். ஒரு யதி சுமார் 0.91 காரட். மூன்று யதி என்று சொன்ன கல் தராசில் 2.73 காரட் காட்டும். விலையைக் காரட்டுக்கு என்று நினைத்துக்கொண்டு எடையை யதியில் கேட்டால் கணக்கு தப்பும். எந்த அளவையில் பேசுகிறோம் என்பதை முதல் வாக்கியத்திலேயே கேட்டுவிடுங்கள். அப்புறம், கல்லின் காரட் எடையைக் குறிக்கும், தங்கத்தின் காரட் சுத்தத்தைக் குறிக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் இன்றும் வருகிறார்கள்.

3. கல்லைப் பார்க்கும் முன் வெளிச்சத்தைப் பாருங்கள்

எல்லாப் படிகளிலும் நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். வெளிச்சம் தவறானால் பின்னால் வரும் அத்தனை முடிவும் தவறாகும்.

மோகோக் மாணிக்கம் பளிங்குப் பாறையில் விளைவது. அதில் இரும்பு மிகக் குறைவு. சிவப்பைக் கொடுக்கும் குரோமியம், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரையும் நீல, பச்சை ஒளியையும் வாங்கிக்கொண்டு சிவப்பாகத் திருப்பிக் கொடுக்கிறது. அதனால்தான் வாசலில் வெயிலில் நீட்டினால் கல் தணல்போல் எரிகிறது. இரும்பு அதிகமுள்ள தாய்லாந்து, கம்போடியக் கற்களில் இந்தத் தணல் அடங்கிப்போகும்.

இது உண்மையான குணம், ரசிக்க வேண்டியதும்கூட. ஆனால் நேர் வெயிலில் மட்டும் பார்த்து வாங்கினால், வீட்டுக்குள் அந்தக் கல் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாது. நகையைப் போடுவது பெரும்பாலும் வீட்டுக்குள்ளும் மண்டபத்துக்குள்ளும்தானே.

மஞ்சள் குண்டு பல்பு மாணிக்கத்தைத் தூக்கிக் காட்டும், நீலக்கல்லைக் கறுப்பாக்கும். வெள்ளைக் குழல்விளக்கு இதற்கு எதிர். கரண்ட் போய் பேட்டரி எல்.இ.டி. விளக்கில் கடை நடக்கும் நேரத்தில் எந்தக் கல்லைப் பற்றியும் முடிவு எடுக்காதீர்கள். அந்த விளக்குகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம்.

நான் செய்வது இது. காலை பத்து, பதினொரு மணிக்குப் போவேன். திங்கட்கிழமை ஸ்காட் மார்க்கெட் மூடியிருக்கும், அதை நினைவில் வையுங்கள். நிழலில், வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, வெள்ளைத் தாளில் கல்லை வைத்து முதலில் பார்ப்பேன். அடுத்து கடைக்குள் விளக்கடியில். பிறகு விளக்கிலிருந்து நாலடி தள்ளி, கொஞ்சம் மங்கலான மூலையில். கடைசியாகத்தான் வெயில். நாலு இடத்திலும் உயிரோடு இருக்கும் கல்லே நல்ல கல். மங்கலான மூலையில் கறுத்துப்போகும் கல்லைப் பலமுறை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பின்னணியும் முக்கியம். மோகோக்கில் பித்தளைத் தட்டில் கொட்டிக் காட்டுவது பழக்கம். பித்தளையின் மஞ்சள், சிவப்புக் கல்லுக்குச் சூடு ஏற்றிக் காட்டும். யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை, கல்லை உங்கள் வெள்ளைத் தாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், போதும்.

இருபது சிவப்புக் கல்லை வரிசையாகப் பார்த்தால் கண் சோர்ந்துவிடும், இருபத்தோராவது கல் வெளிறித் தெரியும். நடுவில் இரண்டு நிமிடம் வெளியே மரத்தைப் பாருங்கள். சுமாரான கல் நாலைக் காட்டிவிட்டு ஐந்தாவதாக ஒன்றை எடுத்து வைத்தால் அது ராஜாபோல் தெரியும். அந்த ஐந்தாவதை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு மறுபடி நிழலுக்குப் போங்கள்.

4. நிறத்தை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்

"நல்ல சிவப்பு" என்று மொத்தமாகப் பார்த்தால் இரண்டு கல்லை ஒப்பிட முடியாது. மூன்று கேள்வியாகக் கேளுங்கள். எந்தப் பக்கம் சாய்கிறது: ஊதாவா, ஆரஞ்சா, ரோஜாவா? எவ்வளவு அடர்த்தி: வெளிறலா, நடுத்தரமா, இருட்டா? எவ்வளவு தெளிந்த நிறம்: பளிச்சென்று இருக்கிறதா, பழுப்போ சாம்பலோ கலந்திருக்கிறதா?

மூன்றாவதுதான் விலையை அதிகம் ஆட்டுகிறது. கொஞ்சம் வெளிறினாலும் பளிச்சென்ற கல், அடர்த்தியாக இருந்து பழுப்பு கலந்த கல்லைவிட மேல். புதியவர்கள் அடர்த்தியையே தரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நல்ல அடர் சிவப்பென்று வாங்கிப் போனதை இரவு வரவேற்பில் பார்த்தால் கறுப்பு மணிபோல் இருக்கும்.

ரோஜா நிறம் அதிகமானால் அது மாணிக்கமா, பிங்க் நீலக்கல்லா என்ற கேள்வி வரும். கனிமம் ஒன்றுதான், பெயரில்தான் விலை மாறுகிறது. எல்லைக் கோடு எங்கே என்று வியாபாரிகளுக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை. அப்படிப்பட்ட கல்லை மாணிக்க விலைக்கு வாங்காதீர்கள்.

மிக உயர்ந்த சிவப்பு என்பதற்குப் புறாரத்தம், பர்மியில் கோ-த்வே, என்று சொல்லிக் காட்டுவார்கள். அந்தப் பெயரை யாரும் யாருக்கும் சொல்லிவிடலாம். சோதனைக்கூடங்களும் அதற்கு ஆளுக்கொரு அளவுகோல் வைத்திருக்கின்றன. பெயரைக் காதில் வாங்கிக்கொண்டு, கண் பார்ப்பதற்கு மட்டும் விலை கொடுங்கள்.

கல்லைக் குப்புறக் கவிழ்த்து வெள்ளைத் தாளில் வையுங்கள். நிறம் ஒரு பக்கம் திட்டாக இருந்தால் இப்போது தெரிந்துவிடும், நீலக்கல்லில் இது அடிக்கடி வரும். நேராகப் பார்க்கும்போது நிறம் முழுக்கப் பரவித் தெரிந்தால் குற்றமில்லை. நேராகவும் பாதி வெள்ளை தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

5. பட்டை தீட்டிய விதம்: ஜன்னலும் வயிறும்

தாளில் ஒரு கோடு போட்டு அதன்மேல் கல்லை நேராக வையுங்கள். நடுவில் கோடு அப்படியே தெரிந்தால் ஜன்னல் இருக்கிறது என்று பொருள். அடிப்பாகம் தட்டையாக இருப்பதால் ஒளி திரும்பி வராமல் கீழே போய்விடுகிறது. நடுவில் சிறிதாக இருந்தால் பரவாயில்லை. பாதி முகம் ஜன்னலானால் நிறமும் அங்கே வெளுத்துவிடும்.

எதிர்த் தவறு, அடி தடித்துத் தொங்குவது. எடையைக் காப்பாற்ற வயிறு விட்டு வெட்டுவார்கள். நீங்கள் காசு கொடுக்கும் எடையில் ஒரு பகுதி யார் கண்ணிலும் படாது. பதிக்கவும் உயரமான கூடு வேண்டும். பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், காலிப்பரில் முகத்தையும் அளங்கள். ஒரு காரட் வட்ட மாணிக்கத்தின் முகம் சுமார் 6 மில்லிமீட்டர் வரவேண்டும். வெகுவாகக் குறைந்தால் எடை வயிற்றில் ஒளிந்திருக்கிறது.

6. லூப்பில் உள்ளே பாருங்கள்

லூப்பைக் கண்ணோடு ஒட்டி, கல்லை லூப்புக்கு ஓர் அங்குலத்தில் கொண்டு வாருங்கள். கல்லை மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள், டார்ச் பக்கவாட்டிலிருந்து வரட்டும்.

தேட வேண்டியது இரண்டு. ஒன்று, கல்லின் உறுதிக்கு ஆபத்தானவை. மேற்பரப்பை வந்து தொடும் விரிசல், அதிலும் ஓரத்தில் இருப்பது, பதிக்கும்போது கொக்கி அழுத்தினால் உடையும். "ஓரத்துல இருக்கு, கொக்கிக்குக் கீழ மறைஞ்சிரும்" என்று சொன்னால் ஏற்காதீர்கள். மறைகிற இடம்தான் அழுத்தம் விழுகிற இடம்.

இரண்டு, இயற்கைக் கல்லா, செயற்கைக் கல்லா என்ற அடையாளம். இயற்கை மாணிக்கத்தில் பட்டு என்று சொல்லும், ருட்டைல் என்ற கனிமத்தின் ஊசிகள் 60, 120 பாகைக் கோணத்தில் ஒன்றையொன்று வெட்டி நிற்கும். மோகோக் கல்லில் அவை குட்டையாக, நெருக்கமாக இருக்கும். வளர்ச்சிக் கோடுகள் நேராகவோ கோணமாகவோ போகும். உருக்கி வளர்த்த செயற்கை மாணிக்கத்தில் கோடுகள் கிராமபோன் தட்டுபோல் வளைந்து போகும், காற்றுக் குமிழும் இருக்கலாம். பெரிய கல், குற்றமே இல்லை, விலையும் மலிவு என்றால் அந்த வளைகோட்டைத் தேடுங்கள். சுரங்கத்துக்கே போய் வாங்கினாலும் இந்தச் சோதனையை விடாதீர்கள், செயற்கைக் கல் அங்கேயும் வந்துவிடுகிறது.

புற ஊதா டார்ச் அடித்துச் சிவப்பாக மின்னினால் அசல் மாணிக்கம் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. சிவப்பு ஸ்பைனலும் மின்னும், செயற்கை மாணிக்கம் இன்னும் பலமாகவே மின்னும். அந்த டார்ச் கார்னெட் என்ற சிவப்புக் கல்லையும் பெரும்பாலான கண்ணாடியையும் விலக்க உதவும், அவ்வளவுதான்.

மாணிக்கத்தையும் ஸ்பைனலையும் பிரிக்க டைக்ரோஸ்கோப் என்ற சின்னக் குழாய் இருக்கிறது. மாணிக்கம் அதில் இரண்டு சிவப்பு காட்டும்: ஒன்று ஊதா சாய்ந்தது, ஒன்று ஆரஞ்சு சாய்ந்தது. ஸ்பைனல், கார்னெட், கண்ணாடி ஒரே நிறம்தான். மாணிக்கமும் ஒரு திசையில் ஒரே நிறம் காட்டும், அதனால் கல்லைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஸ்பைனல் என்று தெரிந்தால் ஏமாற்றமடைய வேண்டாம். மோகோக் சிவப்பு ஸ்பைனல் பெரும்பாலும் சூடேற்றாத கல், மிக அழகானது. ஸ்பைனல் விலைக்கு வாங்கினால் சரி.

7. "கல்லுக்கு என்ன செய்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள்

அசலா, போலியா என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடுகிறார்கள். இயற்கைக் கல்லாகவே இருந்தாலும் அதற்கு என்ன செய்யப்பட்டது என்பது விலையைப் பல மடங்கு மாற்றும். கேள்வியைத் தனித்தனியாகக் கேளுங்கள்: சூடேற்றியதா, கண்ணாடி நிரப்பியதா, எண்ணெய் போட்டதா?

சூடேற்றுவது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட முறை. ஷான் மாநிலத்து மோங்ஷு கற்களின் நடுவில் நீலக் கறுப்பு இருக்கும், சூட்டில்தான் அது போகும். நிறம் நிலைத்திருக்கும். சூடேற்றியது என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்குக் கொடுத்தால் தாராளமாக வாங்கலாம். ஒரே தோற்றமுள்ள இரண்டு கல்லில் சூடேற்றாததற்குத்தான் விலை அதிகம்.

ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் வேறு விஷயம். விரிசல் மண்டிய மலிவுக் கல்லில் ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி ஊற்றுகிறார்கள், விரிசல் கண்ணுக்கு மறைந்துவிடும். ஒரு பத்தர் பட்டறையில் இதை நேரில் பார்த்தேன். எங்கள் தெருவில் ஒரு அக்காவின் மோதிரம் இறுக்கமாகிவிட்டது, பெரிதாக்கக் கொடுத்தார். மாணிக்கம் சூட்டைத் தாங்கும் என்ற பழக்கத்தில் பத்தர் கல்லை எடுக்காமலேயே வளையத்தில் தீயைக் காட்டினார். ஆறியபின் துடைத்தால், கல்லுக்குள் சிலந்திவலைபோல் வெள்ளை வெள்ளையாக விரிசல். பத்தர் கை நடுங்கிப்போனார். அவர் மேல் தவறில்லை. விற்ற கடை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கல்லைக் கழற்றிவிட்டுச் செய்திருப்பார்.

கண்டுபிடிக்கும் வழி: விளக்கடியில் லூப்பில் மெல்லத் திருப்புங்கள். விரிசல் இருக்கும் இடத்தில் நீல மின்னல் ஓடும், நசுங்கிய குமிழ்களும் தெரியும். இந்தக் கல்லுக்கு எலுமிச்சைச்சாறும் ஆகாது, அமிலம் கண்ணாடியை அரித்துவிடும். சமையல் செய்கிற கையில் எத்தனை நாள் தாங்கும் என்று யோசியுங்கள்.

மரகதத்தில் எண்ணெய் வழக்கமானது, எவ்வளவு என்பதுதான் கேள்வி. மாணிக்கத்தில் சிவப்புச் சாய எண்ணெய் போட்டிருந்தால் வெள்ளைத் துணியில் அழுத்தித் துடைக்கும்போது சில சமயம் கறை ஒட்டும். பழைய கெம்பு அட்டிகைகளில் அடியை மூடி, பளபளக்கும் தாள் வைத்திருப்பார்கள். அடி மூடிய நகையில் கல்லின் சொந்த நிறத்தைக் கண்ணால் கணிக்கவே முடியாது.

8. சான்றிதழை வரி வரியாகப் படியுங்கள்

ஒரு காரட்டுக்கு மேற்பட்ட நல்ல மாணிக்கம், நீலம் என்றால் சோதனைக்கூடச் சான்றிதழ் கேளுங்கள். ஜி.ஐ.ஏ., கியூபெலின், எஸ்.எஸ்.இ.எஃப்., ஜி.ஆர்.எஸ். ஆகியவற்றை வெளிநாட்டு வியாபாரிகளும் ஏற்கிறார்கள். விற்கும் கடையே அச்சடித்துக் கொடுக்கும் அட்டை அந்தக் கடையின் வாக்கு, சான்றிதழ் ஆகாது.

முதலில் எடையையும் நீளம், அகலம், ஆழம் என்ற மூன்று அளவுகளையும் உங்கள் கையில் உள்ள கல்லோடு ஒப்பிடுங்கள். அசல் சான்றிதழோடு வேறு கல் வருவது உண்டு. அடுத்து சான்றிதழ் எண்ணைச் சோதனைக்கூடத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பிறகு இயற்கைக் கல் என்ற வரி, அதற்குக் கீழே சூடேற்றிய அறிகுறி உண்டா, இல்லையா என்ற வரி. "இயற்கை" என்று இருந்தாலே சூடேற்றாதது என்று அர்த்தமில்லை.

ஊர்ப்பெயர் வரி நிபுணர்களின் கருத்து. மோகோக் என்று எழுதியிருந்தால் விலை ஏறும், ஆனால் மோகோக்கிலும் மட்டமான கல் விளைகிறது. கண் ஏற்காத கல்லை ஊர்ப்பெயருக்காக வாங்காதீர்கள்.

9. விலையும் ரசீதும்

காரட்டுக்கு என்ன விலை என்று கேளுங்கள், மொத்த விலையை மட்டும் கேட்காதீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து காரட் என்ற முழு எண்களைத் தாண்டும்போது காரட் விலையே துள்ளும். 0.95 காரட் கல் முகத்தில் ஒரு காரட் போலவே இருக்கும், காரட் விலை குறையும். சிக்கனமாக வாங்க நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் அதைத்தான் தேடுகிறேன்.

அனுமதி பெற்ற கடையில் வாங்கி ரசீது வாங்குங்கள். கல்லின் பெயர், எடை, சூடேற்றியதா என்ற விவரம் மூன்றும் ரசீதில் இருக்கட்டும். சென்னையிலிருந்து வரும் உறவினர் வாங்கிப் போவதாக இருந்தால் இது இன்னும் அவசியம். முறையான ரசீது இல்லாத கல்லை விமான நிலையத்தில் பறிமுதல் செய்துவிடலாம்.

10. பத்தரிடம் கொடுக்கும்போது

இங்கே தங்கத்தின் சுத்தத்தைப் பே என்ற அளவில் சொல்வார்கள்: 16 பே என்றால் சுத்தத் தங்கம், 15 பே என்றால் நூற்றில் 93.75 பங்கு. இரண்டுமே மென்மை. மெல்லிய கொக்கியில் கல்லைப் பிடிக்க அந்தத் தங்கம் போதாது, துணியில் மாட்டினாலே கொக்கி விரியும். கொக்கி வைத்த மோதிரத்துக்கு 18 காரட் தங்கம் கேளுங்கள். 15 பேதான் வேண்டும் என்று வீட்டில் சொன்னால், கல்லைச் சுற்றிப் பட்டையாகத் தங்கம் வரும் பதிப்புக்கு மாறுங்கள்.

கொடுப்பதற்கு முன் கல்லின் எடையையும் அளவையும் பத்தருக்கு எதிரிலேயே எழுதி வையுங்கள். லூப்பில் தெரியும் ஒரு தனி அடையாளத்தை, உதாரணமாக ஓரத்தில் உள்ள மூன்று புள்ளியை, படம் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். பதித்து வாங்கும்போது முதலில் அந்த மூன்று புள்ளியைத் தேடுங்கள். அடுத்து ஒவ்வொரு கொக்கிக்குப் பக்கத்திலும் புது விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மோதிரத்தைக் காதோரம் பிடித்து விரலால் சுண்டுங்கள். உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டால் கல் ஆடுகிறது, அங்கேயே உட்கார்ந்து இறுக்கச் சொல்லி வாங்குங்கள். ஒரு மாதம் போட்டபின் இன்னொரு முறை சுண்டிப் பாருங்கள்.